வெளிமாநிலத் தொழிலாளர்களிடம் உடல்நல ஆய்வு: வினாத்தாளை இந்தியில் போட்டால் போதுமா?

கேள்வி: நூலகவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மணலி, மாதவரம் பக்கம் வேலை செய்யும் வெளிமாநிலத் தொழிலாளர்கள் உடம்புக்கு முடியாதபோது தகவலை எங்கிருந்து பெறுகிறார்கள் என்பதுதான் தலைப்பு. உடல்நலம், மொழி கற்பித்தல், இடப்பெயர்வு, நூலகம் என நான்கு துறைகளையும் தொடச் சொல்கிறார் கைடு. எங்கே ஆரம்பிப்பது? வினாத்தாளை இந்தியில் தயார் செய்தால் போதுமா?

பதில்:

போதாது. நான்கு துறைகளையும் சமமாகத் தொட வேண்டியதும் இல்லை. இந்தத் தலைப்பில் மற்ற மூன்றையும் கட்டி வைத்திருப்பது மொழிதான். எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் கேள்வி எந்தச் சொல்லில் போய்ச் சேர்கிறது என்பதைச் சரி செய்யாமல் வாங்கிய பதிலைப் பிறகு எந்தப் புள்ளியியலாலும் காப்பாற்ற முடியாது. கையில் ஆறு மாதம் இருந்தால் இரண்டு மாதம் வினாத்தாளுக்கே போகட்டும்.

முதலில் நூல் தேடலைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். நூலகவியல் மாணவரிடம் இதைச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற மாதிரிதான். ஆனாலும் இந்தத் தலைப்பு, நூல்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்கும் டியூயி முறையில் ஒரே அலமாரியில் இருக்காது. இடப்பெயர்வு 304.8-இல், இடம்பெயர் தொழிலாளர் 331.544-இல், மருத்துவச் சேவை 362.1-இல், இருமொழிக் கல்வி 370.117-இல் கிடக்கும். இணையத் தரவுத்தளங்களிலும் இதே கதைதான். மருத்துவக் கட்டுரைகளுக்கான பப்மெட்டில் ‘டிரான்சியன்ட்ஸ் அண்ட் மைக்ரன்ட்ஸ்’ என்ற பொருள் தலைப்பைப் பிடித்தால்தான் முழுதாக வரும். கல்வியியல் கட்டுரைகளுக்கான எரிக் தளத்தில் ‘மைக்ரன்ட் எஜுகேஷன்’ என்று தேடினால் பெரும்பாலும் அமெரிக்கப் பண்ணைத் தொழிலாளர்களின் பிள்ளைகள் பற்றிய கட்டுரைகள் வந்து குவியும். அவை உங்களுக்கு உதவாது. தமிழில் ‘புலம்பெயர்’ என்று தேடினால் ஈழத்துப் புலம்பெயர் இலக்கியம்தான் முன்னால் நிற்கும். ‘வெளிமாநிலத் தொழிலாளர்’, ‘வடமாநிலத் தொழிலாளர்’, ‘இடம்பெயர் தொழிலாளர்’ என்று மூன்று விதமாகத் தேடுங்கள். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா தளம். அங்கே தமிழ்த் தலைப்புகள் ஆங்கில எழுத்திலும் ஏற்றப்பட்டிருக்கும் என்பதால் இரண்டிலும் போட்டுப் பாருங்கள்.

நூலகவியலில் இருந்து உங்களுக்குத் தேவையான கருத்து ஒன்றே ஒன்று: ‘இன்ஃபர்மேஷன் கிரவுண்ட்ஸ்’. வேறு வேலைக்காகக் கூடும் இடத்தில் பேச்சோடு பேச்சாகத் தகவல் கைமாறும் என்பது இதன் சாரம். கேரன் ஃபிஷர் 1999-இல் கனடாவில் முதியோருக்கான பாத சிகிச்சை மையங்களைக் கவனித்து இதை எழுதினார். 2004-இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் இதையே நியூயார்க் குயின்ஸ் நூலகத்தில், குடியேறியவர்களுக்கான வகுப்புகளில் வைத்துப் பார்த்தார்கள். உங்கள் கைடு சொன்ன நான்கு துறைகளும் அங்கேயே ஒன்றாக வந்துவிட்டன பாருங்கள். ‘நீங்கள் நூலகம் போவீர்களா?’ என்று மணலியில் கேட்டால் ஏறக்குறைய எல்லோரும் ‘இல்லை’ என்பார்கள். எல்லோரும் ஒரே பதில் சொல்லும் கேள்வியால் ஆய்வுக்குப் பயனில்லை. அதற்குப் பதிலாக, ‘கடைசியாக உடம்பு சரியில்லாமல் போனது எப்போது? அன்று முதலில் யாரிடம் சொன்னீர்கள்? அடுத்து யாரிடம்?’ என்று ஒரே ஒரு சம்பவத்தைப் பிடித்துக்கொண்டு படிப்படியாகப் போங்கள். மெடிக்கல் ஷாப், பணம் அனுப்பும் கடை, ரீசார்ஜ் கடை, சலூன், ஊர்க்காரர், மேஸ்திரி, யூடியூப், வாட்ஸ்அப் ஆடியோ ஆகியவை பதில் பட்டியலில் இருக்கட்டும். ஆனால் பட்டியலை வாசித்துக் காட்டாதீர்கள். அவர் சொன்ன பிறகு நீங்கள் குறியிடுங்கள்.

இனி மொழி. ‘உங்கள் தாய்மொழி என்ன?’ என்று கேட்டால் பீகார்க்காரர் ‘இந்தி’ என்றுதான் சொல்வார். அவர் வீட்டில் பேசுவது போஜ்புரியாகவோ மகஹியாகவோ மைதிலியாகவோ இருக்கும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் போஜ்புரி, மகஹி இரண்டும் இந்திக்குள் அடங்கிவிட்டன. மைதிலி மட்டும் தனி மொழி. அந்தக் கணக்கெடுப்பின் மொழி அட்டவணையான சி-16-ஐத் திறந்து தாய்மொழிவாரியாகப் பார்த்தால்தான் உள்ளே இருப்பவை தெரியும். ஆகவே கேள்வியை மாற்றுங்கள்: ‘ஊரில் அம்மாவிடம் போனில் எதில் பேசுவீர்கள்?’ செங்குன்றம் பக்கச் செங்கல் சூளைகள் வரை ஆய்வை நீட்டுவதாக இருந்தால் ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா மாவட்டக் குடும்பங்கள் இருக்கும். அவர்கள் பேசுவது சம்பல்புரி. கட்டாக் பக்கத்து ஒடியாவில் எழுதிய வினாத்தாள் அவர்களுக்குச் செய்தி வாசிப்பதுபோல் கேட்கும். கஞ்சம் மாவட்டத்துக்காரர் சிலருக்கு வீட்டு மொழியே தெலுங்கு. காசிமேடு, தண்டையார்பேட்டையில் தெலுங்கு பேசும் ஒருவரை உதவிக்கு வைத்துக்கொண்டால் அந்த நேர்காணல்கள் எளிதாக முடியும். ஒடியா மொழிபெயர்ப்பாளருக்கு அலைய வேண்டாம்.

எல்லா மொழியையும் எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு வாரம் முன்னோட்டமாக 40, 50 பேரிடம் இந்த ‘அம்மா’ கேள்வியை மட்டும் கேட்டுப் பட்டியல் போடுங்கள். மேலே வரும் இரண்டு மொழிகளை எடுத்துக்கொள்ளுங்கள். விடுபட்டவர்கள் எத்தனை பேர் என்பதை ஆய்வேட்டில் வெளிப்படையாக எழுதுங்கள். மூன்றாவது மொழி சேர்த்தால் இரண்டு மொழிபெயர்ப்பாளர், ஒப்பிட்டுச் சரிசெய்பவர், மொழிபெயர்த்ததை மூலமொழிக்கே திருப்பி எழுதிப் பார்க்கும் மறுமொழிபெயர்ப்பாளர், சோதனை நேர்காணல்கள் எல்லாம் இன்னொரு முறை. முதுகலை மாணவர் பர்ஸ் தாங்காது.

மொழிபெயர்ப்பில் எல்லோரும் தவறு செய்யும் இடம் மறுமொழிபெயர்ப்பு. தமிழிலேயே பாருங்கள்: ‘மனச்சோர்வு’ என்று எழுதினால் மறுமொழிபெயர்ப்பில் அச்சு அசலாக ‘டிப்ரஷன்’ என்று திரும்பி வரும். கைடு திருப்தியாகக் கையெழுத்துப் போடுவார். ஆனால் வியாசர்பாடியில் யாரும் ‘எனக்கு மனச்சோர்வு’ என்று சொல்வதில்லை. ‘மனசே சரியில்ல’ என்பார்கள். மறுமொழிபெயர்ப்பு இரண்டு காகிதங்கள் ஒத்துப்போகின்றனவா என்றுதான் பார்க்கும். ஆளுக்குப் புரிந்ததா என்று பார்க்காது. ‘நீரிழிவு’ என்று அச்சடித்து ‘சுகர்’ என்று கேளுங்கள். ‘வயிற்றுப்போக்கு’ என்பது இந்திக்காரருக்கு ‘தஸ்த்’, வங்காளிக்கு ‘பாத்லா பாய்கானா’, ஒடியாக்காரருக்கு ‘ஜாடா’. ‘சளி’ என்ற நம் சொல்லை அப்படியே மொழிபெயர்க்கச் சொன்னால் ஒருவர் ஜலதோஷம் என்று எடுப்பார், இன்னொருவர் கோழை என்று எடுப்பார். காசநோய் பற்றிய கேள்வியில் இது பெரிய ஓட்டை. ‘இருமும்போது கோழை வருகிறதா?’ என்று பிரித்து எழுதிவிட்டுப் பிறகு இந்தியில் ‘பல்கம்’ என்று போடச் சொல்லுங்கள். ‘இரண்டு வாரமாக இருமல்’ என்பதையும் ‘பதினஞ்சு நாளாக’ என்று மாற்றுங்கள். தமிழிலும் இந்தியிலும் பேச்சில் அப்படித்தான் எண்ணுகிறார்கள்.

புரிகிறதா என்று பார்க்க ஒவ்வொரு மொழியிலும் 5 முதல் 8 பேரிடம் சோதனை நேர்காணல் வையுங்கள். கேள்வியை வாசித்துப் பதில் வாங்கியதும் மூன்று விஷயம் கேட்க வேண்டும்: இந்தக் கேள்வியை உங்கள் சொல்லில் சொல்லுங்கள், கேட்டதும் எது ஞாபகத்துக்கு வந்தது, இந்த எண்ணை எப்படிக் கணக்குப் போட்டீர்கள். திருத்துங்கள். பிறகு புது ஆட்களிடம் இன்னொரு சுற்று. முதல் சுற்றில் வந்தவரையே மறுபடி கூப்பிடக் கூடாது, அவருக்குக் கேள்வி பழகிப் போயிருக்கும்.

தயார் அளவுகோல்களை எடுக்கும்போது எச்சரிக்கை. உடல்நல எழுத்தறிவை அளக்கும் ‘ரீயல்ம்’ என்ற ஆங்கிலச் சோதனையில் 66 மருத்துவச் சொற்களை உரக்க வாசிக்கச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று, ஒலி ஒன்று என்பதால் அது அங்கே எடுபடுகிறது. தமிழிலும் இந்தியிலும் எழுத்துக்கூட்டத் தெரிந்தவர் பொருளே தெரியாமல் சொல்லைச் சரியாக உச்சரித்துவிடுவார். ஸ்பானிய மொழியிலும் இதே சிக்கல் வந்ததால்தான் 2006-இல் ‘ஸால்ஸா-50’ என்ற சோதனையில் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேள்வி ஒன்றைச் சேர்த்தார்கள். அந்த வழியில் போங்கள். மனச்சோர்வை அளக்கும் ‘பி.எச்.கியூ-9’ வைக்க ஆசைப்பட்டால் அதன் ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணத்தைப் பற்றியது என்பதை மறக்காதீர்கள். ‘ஆம்’ என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கே யாரிடம் அனுப்புவீர்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். பல இந்திய மொழிகளில் பேசும் அரசு மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416 அச்சடித்த சீட்டில் இருக்கட்டும். அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் அளவுகோலையே எடுத்துவிடுங்கள். உங்கள் தலைப்புக்கு அது அவசியமும் இல்லை.

ஐந்து நிலை ‘மிகவும் ஒப்புக்கொள்கிறேன்’ வகைக் கேள்விகள் வாய்மொழியாகக் கேட்கும்போது உடைந்துவிடும். மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் ‘ஹாங் ஜி’ (ஆமாங்க) என்று தலையாட்டுவார்கள். காலி, கால், பாதி, நிறை என நான்கு டம்ளர் படம் போட்ட அட்டை போதும்.

தமிழ் எவ்வளவு தெரியும் என்பதை அளக்க ‘தமிழ் தெரியுமா?’ என்று கேட்காதீர்கள். ‘தோடா தோடா’ (கொஞ்சம் கொஞ்சம்) என்ற பதிலை எங்கே குறிப்பீர்கள்? செய்யக்கூடிய காரியமாகக் கேளுங்கள்: எங்கே வலிக்கிறது என்று டாக்டரிடம் தமிழில் சொல்ல முடியுமா, ஓ.பி.யில் டோக்கன் எண்ணைத் தமிழில் கூப்பிட்டால் எழுந்து போவீர்களா. பஸ் போர்டில் ஊர்ப் பெயரைப் படிப்பீர்களா, எண்ணை மட்டுமா? கேட்பது, பேசுவது, படிப்பது மூன்றுக்கும் தனித்தனி மதிப்பெண். கூட்டிவிடாதீர்கள், பலருக்குக் கேட்டால் புரியும், படிக்க ஓர் எழுத்தும் தெரியாது. மாத்திரைக் கவர் ஒன்றில் 1-0-1 (காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று) என்று எழுதிக் கையில் கொடுத்து, எப்போது எத்தனை போடுவீர்கள் என்று கேளுங்கள். நைட் ஷிப்டில் இருப்பவர் ‘காலை’ என்பதைத் தூங்கப் போகும் நேரம் என்று எடுத்துக்கொள்கிறாரா என்பதும் அதில் தெரிந்துவிடும்.

‘எப்போது இடம்பெயர்ந்தீர்கள்?’ என்ற கேள்வியும் ஆகாது. வந்து, போய், மறுபடி வருபவர்கள் இவர்கள். முதன்முதலில் சென்னை வந்தது எந்த ஆண்டு, இந்த முறை வந்து எத்தனை மாதம், கடந்த 12 மாதத்தில் மொத்தம் எத்தனை மாதம் இங்கே என்று மூன்றாகக் கேளுங்கள். கணக்கெடுப்பு பாணியில் ‘கடைசியாக வசித்த இடம்’ மட்டும் வாங்கினால் திருப்பூரில் இருந்து வந்த அஸ்ஸாம்காரர் தமிழ்நாட்டுக்காரர் ஆகிவிடுவார். சொந்த மாவட்டத்தைத் தனியாக எழுதுங்கள். தேதி ஞாபகம் இல்லாவிட்டால் பண்டிகையைப் பிடியுங்கள்: பீகாருக்குச் சட் பூஜை, வங்காளத்துக்குத் துர்கா பூஜை, மேற்கு ஒடிசாவுக்கு நுவாகாய்.

எத்தனை பேர்? விகிதம் தெரியாதபோது 50 விழுக்காடு என்று வைத்து, 95 விழுக்காடு நம்பகத்துக்கு, பிழை இரு பக்கமும் 5 விழுக்காடு என்றால் 385 பேர். பிழை 10 என்றால் 97 பேர். இது எளிய சமவாய்ப்பு மாதிரிக்கு, அதாவது எல்லோரிலிருந்தும் குலுக்கலில் ஒவ்வொருவராக எடுத்தால். நீங்கள் தங்குமிடம் தங்குமிடமாகப் போவீர்கள். ஒரே ரூமில் இருக்கும் எட்டுப் பேரும் ஒரே கடைக்குப் போய், ஒரே ஊர்க்காரரைக் கேட்பவர்கள். அதனால் அந்த 97-ஐ 1.5 மடங்கு ஆக்கினால் 146. பத்து விழுக்காடு பேர் மறுப்பார்கள் என்று வைத்தால் 163. முதுகலைக்கு இது தாராளம். ஒரு ரூமில் இரண்டு பேருக்கு மேல் எடுக்காதீர்கள், அந்த இரண்டையும் சீட்டுக் குலுக்கி எடுங்கள். முன்னால் வந்து பேசுபவர் எப்போதும் தமிழ் தெரிந்தவராகத்தான் இருப்பார்.

வேலையிடத்தில் கேட்காதீர்கள். மேஸ்திரி பக்கத்தில் நின்றால் யாருக்கும் எந்த வியாதியும் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றுக்கு மேல், துணி துவைத்துச் சமையல் ஏறிய பிறகு, தங்குமிடத்துக்குப் போங்கள். 25 நிமிடம்தான் கிடைக்கும். 30, 35 கேள்விக்கு மேல் வைத்தால் கடைசிப் பக்கம் முழுக்க ஒரே பதிலாக இருக்கும். உடன் வேலை செய்பவரை மொழிபெயர்ப்பாளராக வைத்தால் மூன்று நிமிடப் பேச்சை ‘ஒண்ணும் இல்லையாம்’ என்று முடித்துவிடுவார். வெளியாள் ஒருவருக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்து, ‘அவருக்கு வலிக்குதாம்’ என்று சொல்லாமல் ‘எனக்கு வலிக்குது’ என்று அவர் சொன்னபடியே சொல்லப் பழக்குங்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் இடம்பெயர்ந்தோரை எளிதில் பாதிக்கப்படக் கூடியவர்களில் சேர்க்கின்றன. கல்லூரி நெறிமுறைக் குழு அனுமதி இல்லாமல் இறங்க வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கும்போது ஆய்வில் சம்பந்தமில்லாத, படிக்கத் தெரிந்த சாட்சி ஒருவர் வேண்டும். மேஸ்திரி அந்தச் சாட்சியாக முடியாது. ஆதார் எண் கேட்காதீர்கள். கேட்ட நிமிடமே போலீஸ் விசாரணை என்று நினைப்பார்கள்.

தரவுத் தாளில் தாய்மொழி, நேர்காணல் நடந்த மொழி, நேர்காணல் செய்தவர் எண் மூன்றுக்கும் தனிப் பத்திகள் போடுங்கள். இது இல்லாவிட்டால் வித்தியாசம் தொழிலாளிகளிடையே இருந்ததா, கேட்டவரால் வந்ததா என்று பிறகு பிரிக்க முடியாது. களப்பணியைத் தீபாவளியிலிருந்து சட் பூஜை முடிந்து இரண்டு வாரம் வரை வைக்காதீர்கள், பாதி ரூம்கள் பூட்டியிருக்கும். சூளைகளுக்கு ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குள் போய்விடுங்கள். மழைக்கு முன்னால் அவர்கள் ஊர் திரும்பிவிடுவார்கள்.