கதவின் முன் நிற்பவர்

ஐயா, ஆயுள் கைதி ஒருவனைப் பற்றி நாவல் எழுதுகிறேன். பத்து வருடத் தனிமையும், யோசிக்கக் கிடைத்த நேரமும் அவனைப் பக்குவப்படுத்துகின்றன. அந்தப் பத்து வருடமும் ஒரே அத்தியாயத்தில் வருகிறது. வெளியே வந்ததும் எதையும் நிதானமாக முடிவெடுக்கிறான். இது நம்பும்படி இருக்குமா? சிறை நடைமுறைகளை அறிய என்ன படிக்கலாம்?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

நடைமுறைகள் தேடினால் கிடைக்கும், அதை விடுங்கள். ‘பக்குவம்’ என்ற சொல்தான் இரண்டு நாளாக என்னை உறுத்துகிறது. சிறையைத் தவச்சாலை ஆக்காதீர்கள். தவம் செய்பவன் வேண்டாமென்றால் எழுந்து வந்துவிடலாம். அப்புறம், நெரிசலான அறையில் படுத்திருப்பவனுக்குத் தனிமை ஏது?

உள்ளே இருக்க இருக்க, கைதி அந்த உலகத்தின் வழக்கங்களில் ஊறிப்போகிறான் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் டொனால்ட் கிளெம்மர் 1940இல் எழுதினார். 1961இல் ஸ்டான்டன் வீலர் என்ற இன்னொரு அமெரிக்கச் சமூகவியலாளர் அதில் ஒரு திருத்தம் சொன்னார். புதிதாக வந்தவர்களும் விடுதலையை நெருங்கியவர்களும் ஓரளவு வெளியுலகம் போலவே யோசிக்கிறார்கள். நடுவில் இருப்பவர்கள்தான் அதிகம் விலகி நிற்கிறார்கள். ஆகவே உங்கள் ஆள் எத்தனை வருடம் இருந்தான் என்பதோடு, இன்னும் எவ்வளவு பாக்கி என்று நினைக்கிறான் என்பதையும் கேளுங்கள். ஆயுள் கைதிக்கு அந்தக் கணக்கே நிச்சயமில்லை. இதை யோசிக்காமல் எப்படி ஐயா பத்து வருடத்தை ஒரே அத்தியாயத்தில் தாண்டினீர்கள்?

என் தாய்மாமா பதினோரு வருடம் உள்ளே இருந்தவர். அங்கே அவர் கெட்டிக்காரர். யாரிடம் கடன்படக் கூடாது, எந்த வார்டரிடம் எந்த நேரத்தில் வாயைத் திறக்கலாம் என்பதெல்லாம் நொடியில் பிடிபடுமாம். ஆனால் எழுவது, சாப்பிடுவது, விளக்கணைப்பது எதையும் அவர் தீர்மானித்ததில்லை. ரிலீஸாகி வந்த மறுநாள் அம்மா இரண்டு சட்டைகளை நீட்டி, “எதுடா வேணும்?” என்றாள். வெகுநேரம் பார்த்தார். நெற்றி வியர்த்துவிட்டது. “நீயே சொல்லுக்கா” என்றார்.

அவருக்குப் புத்தி மங்கிவிட்டது என்றார்கள் உறவினர்கள். எனக்கு இன்றும் ஆறாத கோபம் அது. மங்கவில்லை; இந்த மாதிரிக் கேள்வியை அவரிடம் யாரும் பதினோரு வருடமாகக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் வெளியே போகக் கிளம்பியவர் வாசல் கதவுக்கு முன்னால் நின்றுவிட்டார். கதவு சாத்தித்தான் இருந்தது, தாழ்ப்பாள்கூடப் போடவில்லை. கைகள் இரண்டும் தொடையோடு ஒட்டியிருந்தன. எனக்கு அப்போது ஒன்பது வயது. ஓடிப்போய்த் திறந்துவிட்டேன். என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வெளியே போனார்.