எந்த நரம்பு, யாருடைய இடப்பக்கம்? உடற்கூறியல் கேள்வி பதில்

நர்சிங் பள்ளியில் 22 ஆண்டுகளாக உடற்கூறியல் நடத்துகிறேன். முதலாண்டு வகுப்புகள் தொடங்கியிருக்கின்றன, உடற்கூறியலில் எந்தச் சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் பதில்களும் கீழே.

டீச்சர், புத்தகப் படத்தில் கல்லீரல் என் இடது கைப் பக்கம் இருக்கிறது. பக்கத்தில் "வலது" என்று போட்டிருக்கிறார்கள். அச்சுப் பிழையா? (முதலாண்டு நர்சிங், திருவண்ணாமலை)

பிழை இல்லை. படத்தில் இருப்பவர் உங்களைப் பார்த்து நிற்கிறார். அவருடைய வலப்பக்கம் உங்கள் இடது கைப் பக்கம் வரும். உடற்கூறியலில் இடம், வலம் இரண்டும் எப்போதும் அந்த உடலுக்கு உரியவை. பார்ப்பவருடைய இடம் வலத்துக்கு அங்கே வேலையே இல்லை.

இதற்காகத்தான் ஒரு நிலையை வரையறுத்து வைத்திருக்கிறார்கள், அனாட்டமிக்கல் பொசிஷன் என்று. நேராக நிற்க வேண்டும், முகம் முன்னால், கைகள் பக்கவாட்டில், கால் விரல்கள் முன்னோக்கி, உள்ளங்கைகளும் முன்னோக்கி. உள்ளங்கை ஏன் முன்னால் என்று யாரும் கேட்பதில்லை, நானே சொல்கிறேன். முன்கையை மேசைமேல் உள்ளங்கை மேலே பார்க்க வையுங்கள். மற்ற கையால் முன்கையை லேசாகப் பிடித்துக்கொண்டு உள்ளங்கையைக் கவிழ்த்துப் பாருங்கள். உள்ளே ஒரு எலும்பு இன்னொன்றின்மேல் புரண்டு போவது கைக்குத் தெரியும். கட்டைவிரல் பக்கத்து எலும்பு ரேடியஸ், சுண்டுவிரல் பக்கத்து எலும்பு அல்னா. உள்ளங்கை முன்னால் இருந்தால்தான் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கும். அந்த நிலையில் கட்டைவிரல் வெளிப்பக்கம், அதாவது லேட்டரல். சுண்டுவிரல் உள்பக்கம், மீடியல். கையைக் கவிழ்த்தாலும் இந்தப் பெயர் மாறாது.

மாணவியாக இருந்தபோது கட்டிலுக்கு எதிரே நின்றுகொண்டு, வலக்காலில் இருந்த புண்ணை "இடது கால்" என்று எழுதிவிட்டேன். வார்டு சிஸ்டர் என் தோளைப் பிடித்து நோயாளி பார்க்கும் திசைக்கே திருப்பி நிறுத்தினார். "இப்போது சொல்லு" என்றார். இன்றும் பக்கத்தை எழுதுவதற்கு முன் மனதுக்குள் ஒருமுறை திரும்பி நின்றுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

சுப்பீரியர், ப்ராக்ஸிமல் இரண்டும் "மேலே" தானே? (லேப் டெக்னீசியன் மாணவர், கரூர்)

இல்லை. சுப்பீரியர் என்றால் தலைப்பக்கம். நோயாளி மல்லாந்து படுத்திருந்தாலும் தலைப்பக்கம்தான், கூரைப் பக்கம் இல்லை. ப்ராக்ஸிமல் என்றால் கை அல்லது கால் உடம்போடு சேரும் இடத்துக்கு அருகில். முழங்கை மணிக்கட்டைவிட ப்ராக்ஸிமல். கையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டாலும் அப்படியேதான்.

செல், திசு, உறுப்பு, மண்டலம் என்று மனப்பாடம் செய்துவிட்டேன். ரத்தத்தை எதில் சேர்ப்பது? திரவம் எப்படித் திசு ஆகும்? (முதலாண்டு நர்சிங், தூத்துக்குடி)

நல்ல கேள்வி. ஒரே வேலைக்காகச் சேர்ந்து நிற்கும் செல்களும் அவற்றுக்கு இடையே உள்ள பொருளும் சேர்ந்ததுதான் திசு. எலும்பில் அந்த இடைப்பொருள் கல்லாக இறுகியிருக்கிறது, குருத்தெலும்பில் ரப்பர் மாதிரி வளைகிறது, ரத்தத்தில் பிளாஸ்மாவாக ஓடுகிறது. அதனால் மூன்றுமே இணைப்புத் திசு. மற்ற மூன்று வகைகள் எபிதீலியம், தசை, நரம்பு. நான்கும் சேர்ந்து ஒரு உறுப்பைக் கட்டுவதைப் பார்க்க இரைப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். உள்பூச்சு எபிதீலியம், அதைத் தாங்குவது இணைப்புத் திசு, பிசைவது தசை, பிசையச் சொல்வது நரம்பு.

பெரியவர்களுக்கு எலும்பு எத்தனை?

206.

"ஆர்ம்" என்றால் கை, "லெக்" என்றால் கால். இதில் என்ன குழப்பம் என்று சார் திட்டுகிறார்? (பிசியோதெரபி, சேலம்)

உங்கள் சார் சொல்வது சரி. உடற்கூறியலில் ஆர்ம் என்பது தோளிலிருந்து முழங்கை வரை மட்டும். அதற்குக் கீழே ஃபோர் ஆர்ம், அப்புறம் ஹேண்ட். லெக் என்பது முழங்காலிலிருந்து கணுக்கால் வரை மட்டும், தொடை அதில் வராது. நமக்குத் தோளிலிருந்து விரல்நுனி வரை எல்லாமே கை. அந்தப் பழக்கத்தில் எழுதினால் கட்டு எங்கே போட்டது என்று அடுத்த ஷிஃப்ட்டில் வருபவருக்குத் தெரியாது.

நரம்பு ஊசி என்கிறோமே, அது நெர்வில் போடுவதா? (முதலாண்டு நர்சிங், விருதுநகர்)

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். நெர்வில் போடுவதில்லை, வெயினில் போடுவது. பேச்சுத் தமிழில் நரம்பு என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று பொருள்கள் இருக்கின்றன. புறங்கையில் பச்சையாகத் தெரிகிற "நரம்பு" சிரை, அதாவது வெயின். முழங்காலை மடக்கினால் பின்பக்கம் கயிறு போலக் கைக்குத் தட்டுப்படுகிற "நரம்பு" தசைநாண், அதாவது டெண்டன். முழங்கையின் உள்பக்கம் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீரென்று ஓடுகிறதே, அது மட்டும்தான் நெர்வ். அல்னார் நெர்வ் என்று பெயர்.

ஒரு பாட்டி "கால்ல நரம்பு இழுக்குதும்மா" என்றார். என் மாணவி குறிப்பேட்டில் "நெர்வ் பெயின்" என்று எழுதினாள். நான் புடவையைச் சற்று விலக்கிப் பார்த்தேன். கெண்டைக்காலில் சிரைகள் புடைத்து முறுக்கிக்கொண்டிருந்தன, வெரிகோஸ் வெயின். பாட்டி சொன்ன சொல் தவறில்லை, அவர் ஊரில் அதற்கு அதுதான் பெயர். எங்கே என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லாதது எங்கள் தவறு. வயிறும் அப்படித்தான். "வயிறு" இரைப்பையாகவும் இருக்கலாம், விலாவுக்குக் கீழே உள்ள பகுதி முழுவதுமாகவும் இருக்கலாம். தொப்புள் வழியாகக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு போட்டு நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். அப்புறம் எந்தக் கால்பகுதி என்று எழுதுங்கள். குடல்வால் வலது கீழ்ப் பகுதியில் இருக்கிறது. நோயாளியின் வலது.

தேர்வும் வேலையும் ஆங்கிலத்தில். தமிழ்ச் சொல் கற்பது நேர விரயம் இல்லையா? என் மகள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறாள். (ஒரு தந்தை, ஓசூர்)

இதற்கு நான் எழுதுவதற்குள் யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் பதில் அனுப்பிவிட்டார்: "ஐயா, நாங்கள் பள்ளிக்கூடத்தில் உயிரியலைத் தமிழில்தான் படித்தோம். செல் என்று சொல்வதில்லை, கலம். திசு இல்லை, இழையம். மண்டலம் இல்லை, தொகுதி. ஒரு குழப்பமும் வரவில்லை." அதற்கு ஓசூர் தந்தை, "நீங்கள் ஒரு சொல், நாங்கள் ஒரு சொல் என்றால் தமிழிலேயே இரண்டாகிவிட்டதே, அதற்கு லத்தீனே மேல்" என்றார். அதன்பிறகு கேள்விகளைவிட இந்த வாதத்துக்கு வந்த கடிதங்கள்தான் அதிகம்.

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. பொதுப் பெயர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஐரோப்பாவே பார்த்துவிட்டது. ஒரே உறுப்புக்கு நாட்டுக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று என்று பெயர்கள் பெருகிப்போய், 1895-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் கூடி லத்தீனில் ஒரே பட்டியலாக்கினார்கள். இன்றைய பெயர்கள் அந்த வழியில் வந்தவை. அதனால் குறிப்பேட்டில் அந்தப் பெயர்தான் வேண்டும்.

ஆனால் தமிழில் முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் தமிழ் கற்று, மாணவர்களுக்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் சொல்லிக்கொடுத்தார், பாடநூல்களைத் தமிழாக்கினார். அந்த நூல்களில் உடற்கூறியலுக்கு அங்காதிபாதம் என்று பெயர். கவிதையில் பாதம் முதல் தலை வரை பாடுவதைப் பாதாதிகேசம் என்போமே, அதே காதுக்குப் பழகிய ஓசை.

இரு கரையிலும் சொல் வேறு என்பதில் உண்மையான ஆபத்தும் ஒன்று உண்டு, அதைச் சொல்லியே ஆக வேண்டும். இலங்கையில் நாளம் என்றால் வெயின், நாடி என்றால் ஆர்ட்டரி. தமிழ்நாட்டில் ரத்த நாளம் என்றால் எந்த ரத்தக் குழாயும் அடங்கும், நாடி என்றால் துடிப்பு. இரண்டு பக்கத்துப் புத்தகங்களையும் கலந்து படிக்கும் பிள்ளைகள் இந்த இரண்டு சொல்லையும் தனியாகக் குறித்து வையுங்கள்.

ஓசூர் ஐயாவுக்கு: மகளுக்குக் குழப்பம் என்றால் சொற்களை எலும்போடு சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். கழுத்துக்குக் கீழே குறுக்காக ஓடும் எலும்பு கிளாவிக்கிள், லத்தீனில் சின்னச் சாவி. தமிழில் காறை எலும்பு. காறை என்பது கழுத்தில் அணியும் நகை, அந்த எலும்பு இருக்கும் இடம் அதுதான். முழங்காலில் உள்ளது பட்டெல்லா, சின்னத் தட்டு. நாம் சொல்வது முழங்கால் சில்லு. விரலை வைத்துத் தொட்டுக்கொண்டே இரண்டு பெயரையும் சொன்னால் ஒன்று இன்னொன்றைத் தாங்கும். நோயாளியிடம் பேசத் தமிழ், எழுதி வைக்க லத்தீன். ஒரு நர்ஸுக்கு இரண்டுமே வேலைக் கருவிகள்.

இந்த வாதத்தை இத்துடன் நிறுத்திக்கொள்வோம், இன்னும் கேள்விகள் காத்திருக்கின்றன.

படத்தில் இதயம் வலப்பக்கம் தெரிகிறதே? (மூவர் கேட்டிருக்கிறீர்கள்)

முதல் பதிலைப் படியுங்கள்.

நுரையீரல் தமனியில் அசுத்த ரத்தம் போகிறது என்றால் அது தமனியே இல்லையே? (ஆய்வக உதவியாளர், நாகர்கோவில்)

தமனிதான், அதாவது ஆர்ட்டரி. இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவது தமனி, இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது சிரை. பெயர் திசையை வைத்து, ஆக்சிஜனை வைத்து அல்ல. சுத்த ரத்தம், அசுத்த ரத்தம் என்ற பேச்சைப் பள்ளிக்கூடத்தோடு விட்டுவிடுங்கள். ஆக்சிஜன் குறைந்த ரத்தத்தில் அழுக்கு எதுவும் இல்லை.

வயிற்றுக்குள் மூச்சை இழுங்கள் என்று வகுப்பில் சொல்கிறேன். ஒரு மாணவர் அது தவறு என்கிறார். (யோகா ஆசிரியர், புதுச்சேரி)

காற்று நுரையீரலைத் தாண்டிக் கீழே போகாது. மார்பறையையும் வயிற்றறையையும் பிரிப்பது உதரவிதானம், இலங்கையில் பிரிமென்றகடு. மூச்சை இழுக்கும்போது அந்தத் தசை கீழே இறங்குகிறது, இரைப்பை, கல்லீரல், குடல் எல்லாவற்றையும் கீழே தள்ளுகிறது. அவற்றுக்குப் போக இடம் முன்பக்கம்தான், அதனால் வயிறு புடைக்கிறது. பயிற்சியை அப்படியே சொல்லிக்கொடுங்கள், காரணத்தை மட்டும் மாற்றிச் சொல்லுங்கள்.

அம்மாவின் முழங்கால் ஸ்கேன் அறிக்கையை அனுப்பியிருக்கிறேன், ஆபரேஷன் தேவையா?

எலும்பு மருத்துவரிடம் அறிக்கையையும் அம்மாவையும் சேர்த்துக் கூட்டிப் போங்கள். இங்கே நான் சொல்லக் கூடாது.

சி.டி. ஸ்கேன் படத்தைப் பார்த்தால் கல்லீரல் மறுபடியும் என் இடப்பக்கம். அவர் படுத்துத்தானே இருக்கிறார், எதிரே நிற்கவில்லையே? (ரேடியாலஜி மாணவி, மதுரை)

இதையும் "முதல் பதிலைப் படியுங்கள்" என்று தள்ளிவிடப் பார்த்தேன். ஆனால் நீங்கள் கேட்டது வேறு. அது உடலைக் குறுக்காக வெட்டிய துண்டு. அதை நோயாளியின் கால்மாட்டில் நின்று தலையை நோக்கிப் பார்ப்பதாக வைத்துக்கொள்கிறார்கள். மல்லாந்து படுத்திருப்பவரின் பாதத்தருகே நின்று பாருங்கள், அவருடைய வலக்கை உங்கள் இடப்பக்கம் வரும். முதுகு படத்தின் கீழே, வயிறு மேலே. முதலில் முதுகெலும்பைத் தேடுங்கள், பிறகு கல்லீரலை. கல்லீரல் எதிர்ப்பக்கம் இருந்தால் உடனே படம் தலைகீழ் என்று முடிவு கட்டாதீர்கள். உள்ளுறுப்புகள் முழுக்க இடம் வலம் மாறிப் பிறப்பவர்களும் உண்டு, ஏறத்தாழ 10,000 பேருக்கு ஒருவர். படத்தின் ஓரத்தில் பக்கத்தைக் காட்டும் எழுத்து ஒன்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு உங்கள் மேலாளரைக் கூப்பிடுங்கள்.