இங்கிலாந்தின் ஓல்னியில், ‘அமேசிங் கிரேஸ்’ என்ற கிறிஸ்தவப் பாடல் பிறந்த ஊர் என்பது தவிர, பார்க்க என்ன இருக்கிறது?

ஊருக்கு வந்திருக்கும் உறவினரை அழைத்துக்கொண்டு அரை நாளில் போய்வரத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் நேராகச் சந்தைத் திடலில் இருக்கும் ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பரின் வீட்டுக்குப் போங்கள். 1768 முதல் 1786 வரை அவர் குடியிருந்த அந்தச் செங்கல் வீடுதான் இப்போது அருங்காட்சியகம்.

நான் என் தம்பியோடு போயிருந்தேன். அவன் மன அழுத்த நோய்க்கு மாத்திரை எடுப்பவன். கூட வந்த ஒருவர் அவன் காதுபடவே, “ஓ, அந்தப் பைத்தியக்காரக் கவிஞரா” என்றார். இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை.

‘அமேசிங் கிரேஸ்’ 1773 புத்தாண்டு நாள் ஆராதனைக்காக அவ்வூர்ப் பாதிரியார் ஜான் நியூட்டன் எழுதியது. அதே மாதம் கூப்பர் மனம் நிலைகுலைந்து போனார். நியூட்டன்தான் தன் வீட்டில் ஓராண்டுக்கும் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டார், அதனால் நான் அவரைக் குறைத்துப் பேசுவதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் இருவரும் சேர்ந்து எழுதி 1779இல் வந்த ஓல்னி பாடல் தொகுப்பில் 60க்கும் மேற்பட்டவை கூப்பருடையவை என்பதையும் யாராவது சொல்ல வேண்டுமே!

1774இல் அவருக்கு முயல்குட்டிகள் கிடைத்தன. வளர்ப்பு முயல் இல்லை, காட்டு முயல். பஸ், டைனி, பெஸ் என்று பெயர் வைத்தார், அதில் இரண்டு பெண் பெயர், ஆனால் மூன்றுமே ஆண். மனத்தை வேறு பக்கம் திருப்பத்தான் வளர்த்தார், தன் கையாலேயே கூண்டு செய்தார். நோயோடு இருந்த இந்த மனிதர்தான் அப்புறம் 1785இல் ‘தி டாஸ்க்’ என்ற நெடுங்கவிதையை வெளியிட்டார், அடிமை வணிகத்தை எதிர்த்தும் எழுதினார். முயல்களைப் பற்றித் தம்பி நிறைய நேரம் பேசிக்கொண்டே வந்தான், அவன் அப்படிப் பேசி நான் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். சர்க்கரைக்கு மாத்திரை போடுவதைக் கல்யாணப் பந்தியிலேயே சத்தமாகச் சொல்லும் எங்கள் சொந்தக்காரர்கள், தம்பி மருத்துவரிடம் போவதை மட்டும் வெளியே சொல்லாதே என்கிறார்கள். பெண் கிடைக்காதாம். ஒளித்து வைத்துக் கட்டிக்கொடுத்தால் வருகிற பெண்ணின் கதி என்ன?

சரி, கூட குழந்தைகள் வந்தால் போகும் வழியில் ஜான் கில்பினின் குதிரை நிற்காமல் ஓடிய கதையைச் சொல்லுங்கள். சோர்ந்திருந்த கூப்பரைச் சிரிக்க வைக்க ஒரு தோழி சொன்ன கதை அது, அதைத்தான் அவர் 1782இல் பாட்டாக்கினார். அருங்காட்சியகம் எந்தெந்த நாட்களில் திறந்திருக்கும் என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.