பிபி 110/80 இருந்தாலும் அது ஷாக்தான்

பிபி 110/80, நார்மல்தானே, காத்திருக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பிபி நார்மல் என்று காத்திருக்காதீர்கள். தமிழக-கேரள எல்லையில் உள்ள கம்பம்மெட்டு ரோட்டில் ஜீப் கவிழ்ந்தவருக்கு நாடி 128, கை ஜில்லென்று வியர்வை, ஓயாமல் தண்ணீர் கேட்கிறார் என்கிறீர்களே, இது ஷாக்கின், அதாவது ரத்தம் இழந்து உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதாமல் போகும் நிலையின், முதல் கட்டம். உடல் இன்னும் ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது. ரத்தத்தில் 30 சதவீதம் வரை போனாலும் பிபியின் மேல் எண் (இவருக்கு 110) விழாமல் நிற்கும். 110-க்கும் 80-க்கும் இடைவெளி 30தான் என்பதைக் கவனித்தீர்களா? வழக்கமாக 40 இருக்கும். ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் கீழ் எண் ஏறுகிறது.

வெளியே ரத்தம் இல்லையென்றால் உள்ளே கசியும் இடங்கள் வயிறு, நெஞ்சு, இடுப்பெலும்பு, தொடை. தொடையெலும்பு முறிவு மட்டுமே ஒரு லிட்டருக்கு மேல் உள்ளே தேக்கும். இடது விலாவில் வலி என்றால் மண்ணீரலைச் சந்தேகப்படுங்கள்.

இப்போதே பாருங்கள்: விரல் நகத்தை 5 விநாடி அழுத்தி விடுங்கள். சிவப்பு திரும்ப 2 விநாடிக்கு மேலானால் மோசம். நாடியை மேல் எண்ணால் வகுங்கள், 0.9-ஐத் தாண்டினாலே ஆபத்து, இவருக்கு 1.16.

1. மல்லாக்கப் படுக்கவையுங்கள், கம்பளி போர்த்துங்கள். காயம் கசிந்தால் விடாமல் அழுத்துங்கள்.
2. வாய்வழி எதுவும் வேண்டாம். கட்டன் சாயாவும்தான்.
3. 108-ல் எல்லைக்கு எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். கேரள டவர் பிடித்திருந்தால் அழைப்பு அங்கே போகலாம்.

ஒரு எச்சரிக்கை: அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்ற பிபி மாத்திரை சாப்பிடுபவருக்கு நாடி ஏறாமலே இருக்கலாம். அவரிடம் நாடியை நம்பாமல் தோலையும் நகத்தையும் பாருங்கள். அடிபட்டவரின் பேச்சு குழற ஆரம்பித்தால் ஷாக்கின் அடுத்த கட்டம் வந்துவிட்டது.