ஃபைபர் படகில் இரண்டு பேட்டரி: சேர்த்துக் கட்டாதீர்கள், பிரித்துக் கட்டுங்கள்

நாகை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என்னுடையது 32 அடி ஃபைபர் படகு. செல்ஃப் ஸ்டார்ட் உள்ள டீசல் எஞ்சின். லாரிக்குப் போடுகிற 12 வோல்ட், 100 ஏஹெச் பேட்டரி ஒன்றுதான் இருக்கிறது. சாயங்காலம் வலை விட்டால் விடியும்வரை விளக்கு, ஜிபிஎஸ், ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர், வயர்லெஸ் எல்லாம் அதில்தான் ஓடும். போன வாரம் விடியற்காலை செல்ஃப் எடுக்கவே இல்லை. பக்கத்துப் படகு வந்து பேட்டரி கொடுத்ததால் கரை சேர்ந்தோம். வீட்டில் இன்வெர்ட்டருக்கு வாங்கிய 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரி சும்மா கிடக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கட்டினால் போதுமா? பேரலலா, சீரிஸா?"

சீரிஸ் வேண்டவே வேண்டாம். ஒன்றின் பிளஸ்ஸை மற்றதன் மைனஸில் கோர்த்தால் 24 வோல்ட் வரும். 12 வோல்ட் விளக்கும் வயர்லெஸ்ஸும் புகைந்துவிடும்.

பேரலல் என்றால் பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ். வோல்ட் 12 ஆகவே இருக்கும், ஏஹெச் (ஆம்பியர்-ஹவர், அதாவது பேட்டரியின் கொள்ளளவு) மட்டும் கூடும். பலரும் இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் உங்கள் பிரச்சினைக்கு இது தீர்வல்ல. சேர்த்துக் கட்டிய இரண்டு பேட்டரியும் ஒன்றாகவே இறங்கும். ஒரு பேட்டரி விடியும்போது செத்தது என்றால், இரண்டும் சேர்ந்து அடுத்த நாளோ, சில நாள் கழித்தோ சாகும். அன்றைக்கும் செல்ஃப் எடுக்காது, கூடவே வயர்லெஸ்ஸும் இருக்காது. அதுவும் உங்களிடம் இருப்பவை வேறு வேறு ரகம், வேறு வேறு அளவு, வேறு வேறு வயது. இப்படிச் சேர்த்தால் பலவீனமானது நல்லதையும் இழுத்துக்கொண்டு போகும். பேரலல் கட்டியே ஆக வேண்டும் என்றால் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே நாளில் வாங்கியது என்று இருக்க வேண்டும்.

ஆகவே ஒரு பேட்டரி எஞ்சினை ஸ்டார்ட் செய்ய மட்டும். இன்னொன்று விளக்குக்கும் கருவிகளுக்கும். இரவு முழுக்க விளக்கு எரிந்தாலும் ஸ்டார்ட் பேட்டரியை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. லாரி பேட்டரியின் உள்ளே மெல்லிய தகடுகள். சில விநாடிகள் நூறு, இருநூறு ஆம்பியர் கொடுத்துவிட்டு, எஞ்சின் ஓடியதும் உடனே சார்ஜ் ஏற்றிக்கொள்வதற்காகச் செய்தது அது. அதை இரவு முழுக்க மெதுவாக உறிஞ்சிக் காலி செய்தால் சீக்கிரம் கெட்டுப்போகும். டியூபுலர் இதற்கு நேர் எதிர். மெதுவாக நீண்ட நேரம் கொடுக்கும், ஆழமாக இறங்கினாலும் தாங்கும், ஆனால் செல்ஃப் மோட்டார் கேட்கும் வேகத்துக்கு ஏற்றதல்ல. உங்கள் இரண்டு பேட்டரியையும் அதனதன் வேலைக்கு வைத்தால் இரண்டுமே பொருத்தம்தான்.

150 ஏஹெச் தேவையா என்று பார்ப்போம். 10 வாட் எல்இடி விளக்கு இரண்டு என்றால் சுமார் 1.7 ஆம்பியர். ஜிபிஎஸ்ஸும் எக்கோ சவுண்டரும் சேர்ந்து 1.5 என்று வையுங்கள். வயர்லெஸ் கேட்டுக்கொண்டிருக்கும்போது அரை ஆம்பியருக்குள்தான், பேசும்போது மட்டும் 5, 6 ஆம்பியர் இழுக்கும். மொத்தம் 4 ஆம்பியர் என்றாலும் பத்து மணி நேரத்துக்கு 40 ஏஹெச். இப்படிப்பட்ட லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்காமல் இருப்பது நல்லது. அப்படிப் பார்த்தால் நல்ல நிலையில் உள்ள 100 ஏஹெச்சே போதும், 150 தாராளம். ஆனால் 150 ஏஹெச் டியூபுலர் 50 கிலோவுக்கு மேல் இருக்கும். அதோடு, மூடி வழியாக ஆசிட் தெறிக்கும் ரகம் அது. படகு ஆடும்போது நகராதபடி பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, பட்டை போட்டு, நடுப்பகுதியில் தாழ்வாகக் கட்டுங்கள். அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், வைத்தால் ஒவ்வொரு அலைக்கும் குதிக்கும். கடல்தண்ணீர் நிற்கும் இடத்திலும் கூடாது. உப்புத்தண்ணீர் செல்லுக்குள் போனால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சு முட்டும். பெட்டிக்கு மேல்பக்கம் காற்றோட்டமும் வேண்டும். சார்ஜ் ஆகும்போது வரும் ஹைட்ரஜன் தேங்கினால் ஒரு தீப்பொறி போதும், வெடிக்கும். அடுத்த முறை வாங்கும்போது தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத, சீல் செய்த, ஆழமாக இறங்கினாலும் தாங்கும் டீப் சைக்கிள் பேட்டரியாகப் பாருங்கள்.

இனி வயரிங். எஞ்சின் ஓடும்போது சார்ஜ் தரும் ஆல்டர்னேட்டரும் செல்ஃப் மோட்டாரும் ஸ்டார்ட் பேட்டரியிலேயே இருக்கட்டும். விளக்கு, கருவி எல்லாவற்றையும் இரண்டாவது பேட்டரிக்கு மாற்றுங்கள். இரண்டு பேட்டரியின் மைனஸையும் ஒரு தடித்த கேபிளால் இணைத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது பேட்டரிக்கு எஞ்சினிலிருந்து சார்ஜ் போகாது. பிளஸ் பக்கம் மட்டும்தான் பிரிவு. அந்த இரண்டு பிளஸ்ஸுக்கும் நடுவே ஒரு விஎஸ்ஆர் போடுங்கள். வோல்ட்டைப் பார்த்துத் தானாக இணைக்கும் ரிலே அது. எஞ்சின் ஓடி ஸ்டார்ட் பேட்டரி சுமார் 13.3 வோல்ட்டைத் தாண்டியதும் ரிலே இணைத்து இரண்டாவதற்கும் சார்ஜ் கொடுக்கும். எஞ்சினை நிறுத்திய பிறகு வோல்ட் 12.8 பக்கம் இறங்கினால் பிரித்துவிடும். இந்த எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும்.

"1, 2, இரண்டும், ஆஃப்" என்று திருப்புகிற சுவிட்சும் கடைகளில் கிடைக்கும். மலிவுதான். ஆனால் வலை விடும் அவசரத்தில் அதை "இரண்டும்" என்பதிலேயே விட்டுவிட்டால் பழைய கதைதான். ஆல்டர்னேட்டர் அந்த சுவிட்ச் வழியாகப் போகிற படகில், எஞ்சின் ஓடும்போது தவறி "ஆஃப்"புக்குத் திருப்பினால் ஆல்டர்னேட்டரின் டயோடும் எரிந்துபோகும். இரவெல்லாம் விழித்த மனிதரின் நினைவை நம்பி வயரிங் செய்யக் கூடாது என்பதால்தான் ரிலேயைச் சொல்கிறேன். அவசரத்துக்கு மட்டும், இரண்டு பிளஸ்ஸையும் கையால் இணைக்க ஒரு தனி சுவிட்ச் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் பேட்டரி என்றாவது படுத்துவிட்டால் மற்றதன் துணையோடு எஞ்சினைக் கிளப்பலாம். அதற்காகவே அந்த சுவிட்சுக்கும் மைனஸுக்கும் போகிற கேபிள்கள் செல்ஃப் கேபிள் அளவுக்குத் தடிமனாக இருக்க வேண்டும்.

ஃபியூஸ் இல்லாத வயர் படகில் கூடாது. இரண்டாவது பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஒரு சாணுக்குள் மெயின் ஃபியூஸ் இருக்க வேண்டும். அதற்கு அப்புறம் விளக்குக்கு ஒன்று, கருவிக்கு ஒன்று, வயர்லெஸ்ஸுக்கு ஒன்று என்று தனித்தனி. ரிலேக்குப் போகும் வயருக்கு இரண்டு முனையிலும் ஃபியூஸ் வேண்டும், ஏனென்றால் அதன் இரண்டு பக்கமும் பேட்டரி. ஃபியூஸ் காப்பது வயரைத்தான், கருவியை அல்ல. வயர் தாங்கும் ஆம்பியருக்குக் குறைவான ஃபியூஸைப் போடுங்கள். தானாக ஓடும் தண்ணீர் இறைக்கும் பம்பு இருந்தால் அதை மட்டும் மெயின் சுவிட்சைத் தாண்டி, சொந்த ஃபியூஸோடு நேராகப் பேட்டரியில் கொடுங்கள். படகு கரையோரம் கட்டிக் கிடக்கும்போதும் அது ஓட வேண்டும்.

வயர் விஷயத்தில்தான் அதிகம் ஏமாறுகிறோம். வீட்டில் 230 வோல்ட்டில் அரை வோல்ட் போனால் தெரியாது, 12 வோல்ட்டில் தெரியும். பேட்டரி 5 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 10 மீட்டர். அதில் 10 ஆம்பியர் ஓடினால் 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர் தடிமன்) வயரில் 0.7 வோல்ட் காணாமல் போகும், 6 ஸ்கொயரில் 0.3தான். பேட்டரி 12.2 காட்டும்போது வயர்லெஸ்ஸுக்கு 11.5தான் போய்ச் சேருகிறது என்றால், பேசும் பட்டனை அமுக்கியதும் செட் அணைந்துபோவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

முறுக்கி டேப் சுற்றிய ஒரு பழைய ஜாயின்ட்டைப் பிரித்துப் பாருங்கள். மேலே பச்சை பூத்திருக்கும். ரப்பரை இன்னும் ஒரு விரல் நீளம் உரித்தால் உள்ளே செம்புக் கம்பி கருத்துப்போயிருக்கும். உப்பு ஈரம் கம்பி இழைகளுக்கு நடுவே ஏறிக்கொண்டே போகும். கருத்த பகுதி முடியும்வரை வெட்டி எறியுங்கள். புதிதாகப் போடும்போது வெள்ளீயம் பூசிய செம்பு வயர், வயர் முனையில் கருவியால் அழுத்திய லக், அதன் மேல் உள்ளே பசை உள்ள, சூடு காட்டினால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் என்று போடுங்கள். டெர்மினலை இறுக்கிய பிறகு வாசலின் தடவுங்கள். தடவிவிட்டு இறுக்கக் கூடாது.

கடைசியாக சார்ஜ். இரவில் இறங்கிய 40 ஏஹெச் திரும்ப ஏற, 45க்கு மேல் உள்ளே போக வேண்டும். கரைக்கு ஒரு மணி நேர ஓட்டம்தான் என்றால் எஞ்சின் மட்டும் அதைக் கொடுக்காது. லெட் ஆசிட்டில் கடைசி இருபது சதவீதம் ஏறுவது மிக மெதுவாக நடக்கும். வீல் ஹவுஸ் மேல் 100 வாட் சோலார் பேனலை, கட்டாயம் சார்ஜ் கன்ட்ரோலரோடு, இரண்டாவது பேட்டரிக்குக் கொடுங்கள். வெயில் நாளில் 20, 25 ஏஹெச் அதிலிருந்தே வரும். வாரம் ஒருமுறை கரையில் சார்ஜரில் முழுதாக ஏற்றுங்கள். சார்ஜ் முடிந்து சில மணி நேரம் எதுவும் ஓடாமல் விட்டு மல்ட்டிமீட்டர் வைத்தால் 12.7 பக்கம் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. சும்மா கிடந்த அந்த டியூபுலரை முதலில் இப்படிச் சோதியுங்கள். முழுதாக ஏற்றி ஒரு ராத்திரி விட்டும் 12.4ஐத் தொடவில்லை என்றால் அதைப் படகில் ஏற்ற வேண்டாம், எடைக்குப் போட்டுவிட்டுப் புதியது வாங்குங்கள்.