'சைக்கிளில் இருந்து விழுந்தார்' என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருந்தால்?

கேள்வி: அப்பா ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி. மூன்று வாரம் முன்பு விடியற்காலையில் சைக்கிளில் தோட்டத்துக்குப் போகும்போது, குலசேகரம் பக்கம் பின்னால் வந்த கேரளப் பதிவெண் கார் இடித்துவிட்டது. கார்க்காரரே தனியார் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட வைத்து ஐயாயிரம் ரூபாய் தந்தார். போலீசுக்குப் போகவில்லை. இப்போது வலது மணிக்கட்டுக்கு ஆபரேஷன் வேண்டுமாம். கார்க்காரர் போனை எடுப்பதில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் 'சைக்கிளில் இருந்து விழுந்தார்' என்று இருக்கிறது. சைக்கிளில் லைட்டும் கிடையாது. இனி வழக்குப் போட முடியுமா?
- வாசகர், திருவட்டார்

பதில்: முடியும். ஆனால் உங்கள் வழக்கில் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பிடிக்கப்போவது அந்த ஒரு வரியைத்தான். டாக்டர் கேட்கும்போது அப்பா வலியில் முனகிக்கொண்டிருந்திருப்பார், பதில் சொன்னது கார்க்காரராக இருக்கும். இது வழக்கமாக நடப்பதுதான். அந்தச் சீட்டைத் திருத்தச் சொல்லி மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடாதீர்கள், இருப்பதும் கெட்டுவிடும். யார் சொல்லி அப்படி எழுதினார்கள் என்பதைப் புகாரிலேயே சொல்லிவிடுங்கள். ஆபரேஷனுக்கு ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால், கார் இடித்த விவரத்தை அப்பாவே தம் வாயால் டாக்டரிடம் சொல்லட்டும்.

புகாரை நாளைக்கே கொடுங்கள். தாமதம் என்பதற்காக மட்டும் இழப்பீட்டை மறுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் ரவி வழக்கில் சொல்லியிருக்கிறது. தாமதத்துக்குக் காரணம் எழுதினால் போதும். ஸ்டேஷனில் 'பேசி முடிச்சிருங்க' என்று திருப்பி அனுப்பினால், அதே புகாரை மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வழியில் டீக்கடையிலோ பெட்ரோல் பங்கிலோ கேமரா இருந்தால் இன்றே போய்க் கேளுங்கள், பழைய பதிவு தானாக அழிந்துகொண்டே இருக்கும். வளைந்த சக்கரத்தை நிமிர்த்த வேண்டாம். பின்பக்கம் நெளிந்திருப்பதே பின்னாலிருந்து இடித்ததற்குச் சாட்சி.

கேரள வண்டி என்பதற்காகத் திருவனந்தபுரத்துக்கு அலைய வேண்டியதில்லை. விபத்து நடந்த இடமும் நீங்கள் குடியிருக்கும் இடமும் இங்கேதான், இழப்பீடு கேட்கும் மனுவையும் இங்கேயே போடலாம். மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவில், 2022 ஏப்ரல் முதல், விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் கெடு. வண்டி நம்பரை எம்பரிவாகன் ஆப்பில் போட்டால் இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இல்லாவிட்டால் கார் உரிமையாளர்தான் கொடுக்க வேண்டும்.

லைட் இல்லாதது உங்கள் பக்கக் குறைதான். அதற்காக வழக்கு தோற்காது, தொகையில் ஒரு பங்கு குறையலாம். ஹெட்லைட் போட்டு வந்தவர் முன்னால் போகும் சைக்கிளைப் பார்க்காததுக்கு அவரும் பதில் சொல்ல வேண்டும் அல்லவா?

தொகை எவ்வளவு வரும் என்பது பெரும்பாலும் மணிக்கட்டைப் பொறுத்தது. ராஜ்குமார் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: ஊனம் எத்தனை சதவீதம் என்பதோடு, அது அவர் பிழைப்பை எவ்வளவு பாதிக்கிறது என்றும் பார்க்க வேண்டும். வலது கையால் கத்தி பிடித்துப் பட்டையைச் சீவுகிறவருக்கு மணிக்கட்டு மடங்கவில்லை என்றால், ஆபீசில் உட்கார்ந்திருப்பவருக்கு வருவதைப் போன்ற நஷ்டமா அது? தோட்ட உரிமையாளரிடம் கூலி விவரம் எழுதி வாங்கி வையுங்கள். அவர் தயங்கினால், அப்பாவோடு பால் வெட்டுகிறவர்களே சாட்சி சொல்லலாம்.

ஐயாயிரம் வாங்கியதை மறைக்க வேண்டாம். அப்போது ஏதாவது தாளில் கையெழுத்துப் போட்டாரா என்று அப்பாவிடம் இன்று ராத்திரியே கேளுங்கள். போட்டிருந்தால் அதில் என்ன எழுதியிருந்தது என்பதையும் கேட்டு, வக்கீலிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.