ராலி அணியோடு கென்யா போனால் ஊரைப் பார்க்க முடியுமா?

கேள்வி: வெளிநாட்டு கார் ராலிகளுக்கு அணியோடு போகிறவர்களுக்கு ஊர் சுற்றிப் பார்க்க நேரம் கிடைக்குமா? திரைக்குப் பின்னால் என்னதான் நடக்கும்?

சுற்றுலாப் பயணி மாதிரி சுற்ற நேரம் கிடைக்காது. ஆனால் வேலைக்காக அலைகிற அலைச்சலிலேயே பாதி ஊரைப் பார்த்துவிடலாம். நான் ஒரு சிறிய தனியார் அணியில் சாமான், வண்டி, தங்குமிடம், சாப்பாடு இதையெல்லாம் கவனிக்கிற ஆள். காரைப் பிரிப்பதும் மாட்டுவதும் மெக்கானிக்குகள் பாடு. அவர்கள் கை நீட்டும்போது அங்கே பொருள் இருக்க வேண்டும், அது என் பாடு. மற்ற நாடுகளை விட்டுவிட்டு கென்யாவின் சஃபாரி ராலியை மட்டும் சொல்கிறேன். சொல்வதற்கு அங்கேதான் அதிகம் இருக்கிறது.

முதலில் கொஞ்சம் பின்கதை. 1953-இல், எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவை ஒட்டித் தொடங்கிய போட்டி இது. 1973-இல் உலக ராலி சாம்பியன்ஷிப்புக்குள் வந்தது, 2002-க்குப் பிறகு வெளியே போனது, 2021-இல் திரும்பி வந்தது. அந்தக் காலத்தில் பஸ்ஸும் லாரியும் ஓடுகிற பொதுச் சாலையிலேயே 5,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினார்கள். இப்போது நைவாஷா ஏரியைச் சுற்றியுள்ள மண் பாதைகளை மூடிவிட்டு ஓட்டுகிறார்கள். அப்படி மூடி, நேரம் குறித்து ஓட்டுகிற ஒவ்வொரு பாதையும் ஒரு 'ஸ்டேஜ்'.

எங்களுக்கு ராலி மொம்பாசா துறைமுகத்தில் தொடங்கிவிடும். கார், டயர், உதிரி பாகம், கூடாரம், ஜாக்கி எல்லாம் கண்டெய்னரில் கடல் வழியாக வரும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் எண், எடை, மதிப்பு எழுதியிருக்க வேண்டும். உள்ளே வந்தது திரும்ப வெளியே போக வேண்டும். உடைந்துபோன கியர்பாக்ஸைக்கூட அங்கே போட்டுவிட்டு வர முடியாது, சுங்கத்துக்குக் கணக்கு சொல்லியாக வேண்டும். இந்தத் தாள் வேலையைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள்.

மொம்பாசாவிலிருந்து நைரோபி கிட்டத்தட்ட 480 கிலோமீட்டர். கண்டெய்னர் லாரி முன்னால், நாங்கள் பிக்கப்பில் பின்னால். வழியில் மகிண்டு என்று ஓர் ஊர். எங்கள் லாரி ஓட்டுநர் யாரையும் கேட்காமல் அங்கே வண்டியை ஓரங்கட்டினார். என்ன கோளாறோ என்று இறங்கி ஓடினேன். அவர் நிதானமாகச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். எதிரே ஒரு சீக்கிய குருத்வாரா! தலைக்குத் துணி கட்டிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தால் ரொட்டி, பருப்பு, பால் விட்ட டீ. காசு கிடையாது, யாரென்ற கேள்வியும் கிடையாது. 1896-இல் மொம்பாசாவிலிருந்து ரயில் பாதை போட ஆரம்பித்தபோது ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்களைக் கப்பலேற்றினார்கள். அந்தப் பாதையில் வேலை பார்த்த சீக்கியர்கள் தொடங்கிய வழிபாட்டு இடம் இது.

சாப்பிட்டுக்கொண்டே ராலிப் பேச்சு வந்தது. ஓட்டுநர் உடனே ஜோகிந்தர் சிங் பெயரைச் சொன்னார். 1965, 1974, 1976 என மூன்று முறை வென்ற கென்யர், 'பறக்கும் சீக்கியர்' என்று பெயர் எடுத்தவர். 1965-இல் அவர் வென்ற வோல்வோ ஏற்கெனவே ஓடித் தேய்ந்த பழைய வண்டி என்பது வரைக்கும் இவருக்குத் தெரிந்திருந்தது. அடுத்து ஷேகர் மேத்தா. ஐந்து வெற்றி, அதில் நான்கு 1979 முதல் 1982 வரை வரிசையாக. லாரி ஓட்டுநர் அப்போது பிறந்தேயிருக்க மாட்டார். சரி, கதை கேட்டு வளர்ந்திருக்கிறார்.

அப்புறம் நைரோபி. எங்கள் வண்டியின் அடிப்பகுதியைக் காக்கும் தகட்டுக்கு ஒரு பட்டை தேவைப்பட்டது. கிரின்யாகா சாலைக்குப் போகச் சொன்னார்கள், உதிரி பாகக் கடைகளும் பட்டறைகளும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற இடம். கூரையில்லாமல் வெயிலில் நடக்கும் இந்தப் பட்டறைகளை 'ஜுவா காலி' என்பார்கள். வெல்டர் எங்கள் உடைந்த பட்டையைத் தரையில் வைத்தார், பக்கத்தில் ஓர் இரும்புத் தகட்டைப் போட்டு சாக்பீஸால் கோடு இழுத்தார், அளவு நாடாவைத் தொடவேயில்லை. வெட்டி, வளைத்து, பற்றவைத்து முடித்தபின் சுத்தியலால் நாலு தட்டு தட்டிச் சத்தத்தைக் கேட்டார். திருப்தியில்லை போல; உள்பக்கம் இன்னொரு பற்று வைத்தார். "எந்த ஸ்டேஜில் உடைந்தது?" என்று கேட்டார். டெஸ்டிங்கில் என்றேன். "அப்படியென்றால் கெடாங் ஸ்டேஜில் இன்னும் மோசமாக இருக்கும், இன்னொன்று செய்து வைத்துக்கொள்" என்றார். வியாபாரத்துக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன், இருந்தாலும் வாங்கினேன். வெள்ளிக்கிழமையே அது வேலைக்கு வந்தது. பணத்தை நோட்டாக நீட்டினால் அவரிடம் சில்லறை இல்லை. எம்-பெசாவில் அனுப்பச் சொன்னார். 2007-இலேயே வந்த கைபேசிப் பணம், பெட்டிக் கடை முதல் காய்கறிக் கூடை வரை அதுதான் ஓடுகிறது.

நைவாஷா போய்ச் சேர்ந்ததும் ரெக்கி. ஓட்டுநரும் துணை ஓட்டுநரும் சாதாரண வண்டியில், வேகக் கட்டுப்பாட்டுக்குள், ஒவ்வொரு ஸ்டேஜையும் இரண்டே முறை ஓட்டி நோட்ஸ் எழுதுவார்கள். நாங்கள் அதற்குள் சர்வீஸ் பார்க்கில், அதாவது அணிகள் காரைப் பழுது பார்க்கிற திடலில், கூடாரம் போட வேண்டும். பகலில் வெயில் காயும், ராத்திரி ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,880 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆப்பிரிக்கா என்றதும் அரைக்கால் சட்டையாக மூட்டை கட்டிக்கொண்டு வருகிறவர்களை ஒவ்வொரு அணியிலும் பார்க்கலாம்.

போட்டியில் எங்களுக்கு எதிரி மிருகங்கள் இல்லை, ஃபெஷ்-ஃபெஷ் என்கிற புழுதிதான். எரிமலைச் சாம்பல் கலந்த மண், சலித்த கோதுமை மாவு மாதிரி இருக்கும். மேலே பார்த்தால் சமதளம், உள்ளே எவ்வளவு பள்ளம் என்று தெரியாது. எஞ்சின் அதை உறிஞ்சாமல் இருக்கத்தான் கூரை உயரத்துக்கு ஸ்நார்க்கெல் குழாய் மாட்டுகிறார்கள். காலை சர்வீஸுக்கு 15 நிமிடம், மாலையில் 45 நிமிடம். ஸ்டேஜுகளுக்கு நடுவில் ஓட்டுநரும் துணை ஓட்டுநரும் தவிர வேறு யாரும் வண்டியைத் தொடக்கூடாது. மாலை அந்த 45 நிமிடத்தில் டேம்பர் (சக்கரத்தின் அதிர்வைத் தாங்குகிற பாகம்), ஃபில்டர், ரேடியேட்டர் என்று ஓடும்போது கதவுக்குள்ளிருந்து கை கையாகப் புழுதி கொட்டும். கார் வந்து சேரும் நேரத்தைப் பதிகிற இடத்துக்கு ஒரு நிமிடம் தாமதமாகப் போனால் 10 விநாடி தண்டனை. சீக்கிரம் போனால் இன்னும் மோசம், நிமிடத்துக்கு ஒரு முழு நிமிடம். மழை பெய்துவிட்டால் இதே புழுதி சேறாகி டயர் பிடிக்காது. மழைக்காலத்தை ஒட்டி 2024-இல் ஈஸ்டருக்கும் 2025-இல் மார்ச் மாதத்துக்கும் போட்டியை மாற்றியதிலிருந்து அந்தப் பயமும் சேர்ந்துகொண்டது.

நாங்கள் தங்கியது ஏரிக்கரை முகாம் ஒன்றில். இருட்டினால் நீர்யானைகள் புல் மேயக் கரையேறும், அதனால் மின்வேலி உண்டு. அறைக்குப் போக டார்ச்சோடு காவலாளி கூட வருவார். ஒரு ராத்திரி அப்படிக் கூட வந்தவர் நீர்யானையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. 2021 போட்டியில் முன்னணியில் இருந்த ஓட்டுநர் தியரி நூவில் கடைசி நாள் காலை லோல்டியா ஸ்டேஜில் எப்படிக் கோட்டைவிட்டார், பின்பக்க டேம்பர் எப்படிப் போனது, ஓஜியே எப்படி வென்றார் என்று நடந்தபடியே விளக்கினார். அறை வாசலுக்கு வந்தும் முடியவில்லை, நின்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனேன்.

ஒட்டகச்சிவிங்கிக்கு முன்னால் கார் பறக்கிற படத்தைத்தான் இந்த ராலிக்கு எல்லோரும் விளம்பரமாகப் போடுகிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு. வரிக்குதிரையும் இருக்கிறது, மாடு மேய்க்கும் மாசாய் பையன்களும் இருக்கிறார்கள், யார் மறுத்தது? ஆனால் நைரோபியிலிருந்து பழைய சுபாருவை உறுமவிட்டுக்கொண்டு வருகிற இளைஞர் கூட்டம், எங்கள் கூடாரக் கயிற்றுக்கு வெளியே நின்று மெக்கானிக்கின் கையையே பார்த்துக்கொண்டிருந்த பள்ளிப் பிள்ளைகள், இவர்களைப் படத்தில் காணோம். இந்த அளவு வண்டிப் பைத்தியம் பிடித்த ஊரை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

சாப்பாடு பற்றிக் கேட்பீர்கள். கறி தின்பவர்களுக்கு ஞாமா சோமா. ஆட்டிறைச்சியைக் கிலோ கணக்கில் சொல்லிவிட்டால் கரியில் சுட்டு, பலகையில் வெட்டி, உப்போடு வைப்பார்கள். குறைந்தது ஒரு மணி நேரம் ஆகும், அவசரப்படுத்திப் பயனில்லை. கூடவே சோள மாவுக் களியான உகாலி, வெங்காயம் தக்காளி போட்ட கச்சும்பாரி. சைவக்காரர்களுக்கு நாலு நாளும் சப்பாத்தி, பச்சைப்பயறுக் குழம்பு, சுகுமா விக்கி கீரை. எங்கள் அணியில் ஒருவர் அதிலேயே எடை கூடித் திரும்பினார்.

பார்வையாளராகப் போகிறீர்கள் என்றால் அறையைச் சில மாதம் முன்பே பிடியுங்கள், அந்த வாரம் நைவாஷாவில் விலை ஏறிவிடும். ஹெல்ஸ் கேட் ஸ்டேஜுக்கு விடியுமுன் போனால்தான் இடம் கிடைக்கும். ஞாயிறு மாலை மட்டும் நைரோபிக்குக் கிளம்பாதீர்கள். 90 கிலோமீட்டர்தான், ஆனால் போட்டிக்கு வந்த மொத்தக் கூட்டமும் அதே சாலையில் நிற்கும். திங்கள் காலை சாவகாசமாகக் கிளம்பி, மாய் மஹியு மேட்டுச் சாலையில் இத்தாலியப் போர்க்கைதிகள் கட்டிய குட்டித் தேவாலயத்தைப் பார்த்துக்கொண்டே போகலாம்.